இருபத்துமூன்று ‘ஓம்’

வருகிற வெள்ளிக்கிழமை தலைக்கவசத்தையும் பாதுகாப்புப் பட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் சிசிலித் தீவின் பலேர்மோவில் கூரைகளிலிருந்து இறங்குகிறேன். ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. அடுத்த வேலை திராபனிப் பக்கம். அங்கே சூரியமின் பேனல்கள் எல்லாம் தரையில், ஏணி தேவையில்லை. புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வுபெறுகிறவர்கள் எழுதுவதைப் போல எழுத எனக்கு வயது போதாது. ஆனாலும் கூரையைப் பொறுத்தவரை இனி நான் ஓய்வுபெற்றவள்தான்.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. கடற்காற்றில் துருப்பிடிக்கும் திருகாணி, புறாக்கூடு, ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் காற்று பேனல்களில் கொட்டிவிட்டுப் போகும் செம்மண், மாடிக் குடியிருப்புகளில் கூரை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை என்று பதினொன்று வரை எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். அவையெல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. இல்லாதவற்றை மின்வேலை பார்க்கும் நீனோ சொல்லித் தருவார். நான் ஒரேயொரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்த வீட்டின் கோப்பும் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் அதை நம்ப வேண்டாம். அதை நிரப்பியது நான்.

உங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவருக்காக முதலில் ஒரு சொல். நீங்கள் ‘ஆமாம்’ என்னும் இடத்தில் இலங்கைத் தமிழர் நாங்கள் ‘ஓம்’ என்போம். அது மந்திரமுமில்லை, மின்தடையின் அளவுமில்லை. நீனோ என்னோடு முதன்முதலாக ஒரு தமிழ் வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘ஓம்... ஓம்... ஓம்...’ என்று பத்து நிமிடம் சொல்வதைக் கேட்டுவிட்டு, “இவரும் நம்ம தொழிலா? என்னத்தை அளக்கிறார்?” என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். நான் சிரித்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டுக்காரர் ஒன்றுக்குமே சம்மதிக்கவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் சொல்லப்போகும் வீடு மனோகரி அக்காவினுடையது. பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவின் ஓரத்தில், எலுமிச்சை மரம் நிற்கும் சின்ன முற்றத்தோடு, தட்டைக் கூரை போட்ட பழைய வீடு. கணவர் தேவன் அண்ணைக்குத் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அக்கா பலேர்மோவில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய எஜமானியம்மாவின், வீட்டில் பத்தொன்பது வருடங்கள் தங்கி வேலை செய்தவர். கிழமையில் ஒரு நாள்தான் தன் வீட்டுக்கு வருவார். மூன்று வருடங்களுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையை முறைப்படி பதிந்து சமையற்கூடம் ஆக்கினார். இடியப்பம், ரோல்ஸ், மரக்கறிச் சாப்பாடு. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பார்; பிறந்தநாள், சாமத்தியவீடு என்னும் பூப்புச் சடங்கு என்று சொல்லிச் செய்விப்பவர்களும் உண்டு.

பின்னறைக்கு எரிவாயுக் குழாய் இல்லை. அதனால் எல்லாமே மின்சாரம்: அடுப்புகள், நீராவிப் பெட்டி, பொரிக்கும் தொட்டி, கிரைண்டர், தண்ணீர் சுடவைக்கும் பொயிலர், இரண்டு டீப் ஃப்ரீசர். நான் போன முதல் நாள், கடைசியாக வந்த மின்சார பில் சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே கிடந்தது.

“ஏன் அக்கா அங்கை வைச்சிருக்கிறியள்?”

“முதல்ல அவர் பாக்கட்டும். பாத்து மயங்கி விழாட்டி, பிறகு நான் பாப்பன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார். சின்யோரா ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறார். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வா என்கிறார். பில் இப்படியே வந்தால் போவதைத் தவிர வேறு வழியில்லை. “அவ நல்ல மனுசி, பிள்ளை. அதுதான் பயம். கூடாத மனுசியெண்டா போக மாட்டன்.”

என்னிடம் ஒரு படிவம் இருந்தது. நானே தயாரித்தது. இருபத்துமூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அக்கா ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று வாசித்தேன்.

“ஃப்ரீசர் ரெண்டும் எப்பவும் ஓடுமோ?”

“ஓம்.”

“சமையல் பகலிலைதானே?”

“ஓம்.”

“உடுப்புத் தோய்க்கிறதும் பகலிலையோ?”

“ஓம், ஓம்.”

இருபத்துமூன்று கேள்விக்கும் இருபத்துமூன்று ஓம். அக்கா மாவைத் துடைத்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். வாசலில் வேனுக்குள் இருந்த நீனோ கடிகாரத்தைப் பார்த்தார். “கால் மணித்தியாலத்திலா முடித்துவிட்டாய்? என் அம்மாவிடம் காப்பி வேணுமா என்று கேட்டாலே பதில் வர இருபது நிமிடம் ஆகும்.” நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே அடையாளம் விழுந்திருந்தால் அங்கே யாரும் எதற்கும் பதில் சொல்லவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை.

அந்தப் படிவத்தை வைத்து அந்த வீட்டுக்கென்றே ஒரு திட்டம் போட்டேன். கூரையில் இரண்டு நீலத் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. அவற்றின் நிழல் விழாதபடி பன்னிரண்டு பேனல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். பகலில்தான் சமையல் என்பதால் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரி வேண்டாமென்று முடிவு செய்தேன். வெயில் எரிக்கும் நேரத்தில் அடுப்பும் எரியும், கூரையில் விளைவது கூரைக்குக் கீழேயே செலவாகும் என்பது என் கணக்கு. திட்டம் அழகாகத்தான் இருந்தது.

இந்த வருடம் மாசி மாதம் வேலை முடிந்தது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை இயக்கிய அன்று அக்கா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். நீனோவுக்கும் வைத்தார். கற்பூரத் தட்டோடு இன்வெர்ட்டருக்குக் கிட்டப் போனபோதுதான் நீனோ பதறிப்போய் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். “கடவுளுக்குச் சொல்லுங்கள், ஒரு மீட்டர் தள்ளி!” அக்கா ஒரு மீட்டர் தள்ளிக் காட்டினார். நீனோ பொட்டோடுதான் அன்று வீட்டுக்குப் போனார்.

வைகாசி நடுவில் அக்காவின் போன் வந்தது. “பிள்ளை, பில் வந்திருக்கு. நேரம் கிடைச்சா ஒருக்கா வாரும்.” குரலில் கோபமே இல்லை. அதனாலேயே நான் அன்றைக்கே ரயில் ஏறினேன்.

வடையும் தேத்தண்ணியும் தந்தபிறகுதான் பில்லைத் தந்தார். குறைந்திருந்தது. ஆனால் அது கூரையில் பன்னிரண்டு பேனல்கள் இருக்கிற வீட்டில் குறைய வேண்டிய அளவுக்குக் கிட்டவும் இல்லை. தேவன் அண்ணை வேலை முடிந்து வந்து சாய்மணையில் இருந்தார். கூரைப் பக்கம் கையைக் காட்டினார்.

“தங்கச்சி, மேலை பன்னிரண்டு கண்ணாடி சும்மா வெயில் காயுது. கீழை இவ பில்லிலை வேகிறா.”

“நீங்கள் சும்மா இருங்கோப்பா. பிள்ளை பாக்குது.”

பிள்ளை பார்த்தது. போனில் மணிக்கு மணி கிராஃப் இருக்கிறது. நடுப்பகலில் பேனல்கள் மலை மாதிரி ஏறி நின்றன. வீட்டின் மின்சாரப் பாவனை தரையோடு கிடந்தது. அந்த மலை அப்படியே வெளி வயருக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே போகிற மின்சாரத்துக்கு மின்சாரக் கம்பனி தருவது சொற்பம். மாலை ஏழு மணிக்கு வீடு திடீரென்று விழித்துக்கொண்டது. விடிவதற்கு முன் இன்னொருமுறை விழித்தது. இரண்டு நேரமும் பேனல்கள் நித்திரை.

“அக்கா, நீங்கள் பகலிலை சமைக்கிறதெண்டெல்லே சொன்னனீங்கள்?”

“நானோ? எப்ப?”

“நான் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டியள்.”

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீர் கேட்டீர். நானும் கேட்டுக்கொண்டிருந்தனான். கேக்கிறனெண்டு உமக்குத் தெரிய வேணுமெல்லே? அதுக்குத்தான் ஓம் எண்டது.”

தேவன் அண்ணை தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் ‘கேட்பது’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் வளர்ந்தவள் நான். என் அம்மாவும் போனில் அப்படித்தான். அந்த ‘ஓம்’ சம்மதமில்லை; நான் இங்கேதான் இருக்கிறேன், நீ கதை என்பது. ஒரு இத்தாலியப் பொறியியலாளர் போயிருந்தால் அவருக்கு அக்காவின் பேச்சு விளங்காது. இரண்டாம் தடவை கேட்டிருப்பார், சமையலறையில் நின்று பார்த்திருப்பார். எனக்கு எல்லாம் விளங்கியது என்பதுதான் பிழை.

“ஏன் அக்கா ஏழு மணிக்குப் பிறகு தொடங்குறியள்?”

“அப்பதானே கரண்ட் மலிவு! ஏழுக்கு முன்னம் மெஷின் போட்டா சின்யோரா எப்பிடிக் கத்துவா தெரியுமோ? பத்தொன்பது வருசம்.”

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் உடுப்பு மெஷின் ஏழு மணிக்கு முன் ஓடியதில்லை. பலேர்மோவில் வீடுகளில் வேலை செய்யும் அத்தனை தமிழ்ப் பெண்களும் சின்யோராக்களிடமிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. அந்த விலை வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை. கூரையில் பேனல் வந்தபிறகு கணக்கே தலைகீழ். அதை அக்காவுக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அக்கா பில்லை மடித்தார். “சின்யோரா இந்த வைகாசிக் கடைசி ஞாயிறுக்கு முடிவு கேட்டிருக்கிறா. நான் இல்லையெண்டா வேற ஆளை எடுக்கப்போறாவாம். அடுத்த பில் அதுக்குப் பிறகுதானே வரும்?”

“அதுக்குப் பிறகுதான்.”

முற்றத்துக்குப் போய் முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. “பற்றரி ஒன்று போட்டுக் கொடு. எல்லாம் சரியாகிவிடும்,” என்றார். அவர்களிடம் அதற்கு வசதியில்லை என்றேன். “படிவத்தில் அந்தம்மாவின் கையெழுத்து இருக்கிறதுதானே?”

“இருக்கிறது. கேள்விகள் என்னுடையவை.”

“அப்படியானால் நீயே சரிசெய். புதுச் சாமான் கிடையாது. இரண்டு நாள் லீவாகப் போட்டுக்கொள்.” இளையவர்களே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கையெழுத்து உங்கள் பக்கம் இருக்கும். அது உங்களைக் காப்பாற்றும். அந்த வீட்டைக் காப்பாற்றாது.

இரண்டு நாளும் அக்காவின் சமையற்கூடத்தில் நின்றேன். படிவம் கொண்டுபோகவில்லை. ஓம் என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாக மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்? அதற்கு முதல் என்ன? அக்கா என் கையில் இடியப்ப உரலைத் தந்துவிட்டார். “சும்மா நிண்டு கேளாமல் பிழிஞ்சு பிழிஞ்சு கேளும்.” என் இடியப்பங்களைப் பார்த்துவிட்டுத் தேவன் அண்ணை, “இதென்ன, வயர் சுத்தி வைச்சிருக்கிறாய்?” என்றார்.

ரோல்ஸ் பொரிப்பது, கறி வைப்பது, மா அரைப்பது, உடுப்பு, எல்லாவற்றையும் பத்தரைக்கும் மூன்றுக்கும் நடுவில் கொண்டுவரலாம் என்று கண்டோம். பொயிலருக்கு என் காசில் ஒரு டைமர் வாங்கிப் பூட்டினேன். ஃப்ரீசர்களை மத்தியானத்தில் கடுமையாகக் குளிரவிட்டு மாலையில் தணிக்கலாம். எல்லாம் சரிவந்தது. இடியப்பம் மட்டும் சரிவரவில்லை. அதிகம் மின்சாரம் தின்பது அந்த நீராவிப் பெட்டிதான். அதை அக்கா விடியுமுன் மூட்டியாக வேண்டும். ஏனென்றால் தேவன் அண்ணை துறைமுகத்துக்குப் போகும் வழியில் எட்டு மணிக்குக் கடையில் இறக்க வேண்டும்.

“எட்டு மணிக்கு ஆர் அக்கா இடியப்பம் வாங்கினம்?” இதுவும் ஓம் சொல்ல முடியாத கேள்விதான். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“தம்பி, என்ர இடியப்பம் எத்தினை மணிக்கு விக்குது?”

“ரெண்டு மணிக்கக்கா. வீடுகளிலை வேலை முடிஞ்சு வாற ஆக்கள்தான் வாங்கினம். அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்.”

“காலமை?”

“காலமை ஆர் வாறது?”

“பிறகேன்டாப்பா எட்டு மணிக்குக் கொண்டரச் சொன்னனீ?”

“நான் எங்கையக்கா சொன்னனான்? நீங்கள் எட்டு மணிக்குக் கொண்டந்தியள். நான் வாங்கி வைச்சன். காய்ஞ்சு போகுதெண்டு ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறனான்.”

அக்கா போனை வைத்தார். வேலைக்காரியாக இருந்தபோது விடியுமுன் எழும்பியவர், தன் சொந்த வேலைக்கும் அதே நேரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தார். யாரும் கேட்டதில்லை. “மூண்டு வருசமாய் ஈரத்துணியடி மனோ!” என்றார் தேவன் அண்ணை. பிறகு அவருக்கே ஒன்று உறைத்தது. “பொறு, பகலிலை நான் வேலையெல்லே. ஆர் கொண்டு போறது?”

“ரயில் ஓடுதுதானே. நான் என்ன, ரயில் காணாதவளோ?”

மறுநாளிலிருந்து பதினொன்றுக்கு அவித்து, ரயிலேறி, இரண்டு மணிக்கு முன் சூட்டோடு கடையில் வைத்தார். கிராஃபில் மலைக்குக் கீழே இன்னொரு மலை வளர்ந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஒருநாள் வானம் மண்ணால் மஞ்சளாகி, பேனல்களின் விளைச்சல் பாதிக்கு விழுந்தது. அக்கா அன்று கறியை மட்டும் வைத்துவிட்டு, பொரிப்பதை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டதாகப் போனில் சொன்னார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு எனக்கு வேலையில்லை, ஆனாலும் போனேன். அக்கா ரோல்ஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். தேவன் அண்ணை வழக்கம்போல் பகிடி விடவில்லை. சின்யோரா போன் எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ளை, சுத்தி வளைக்காமல் சொல்லும். நான் போகட்டோ, நிக்கட்டோ?”

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பில் கையில் இல்லை. ஒரு ஆள் தன் மிச்ச வாழ்க்கையை உங்கள் வாயிலிருந்து எதிர்பார்த்து நிற்கிறார். அவர்மேல் உங்களுக்கு அன்பு இருந்தால், ‘நில்லுங்கோ’ என்ற சொல் தானாக நாக்குக்கு வரும். எனக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, தெரிந்ததை ஒரு பக்கம், தெரியாததை ஒரு பக்கம் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்.

“பதினொரு நாள்தான் பாத்திருக்கிறன் அக்கா. நீங்கள் பாவிச்ச கரண்டிலை அரைவாசிக்கு மேலை கூரையிலையிருந்து வந்திருக்கு. இந்தக் கோடை முழுக்க இப்பிடி வருமெண்டு பயமில்லாமல் சொல்லுவன். மார்கழியிலை குறையும். எவ்வளவு குறையுமெண்டு எனக்குத் தெரியாது.”

“மார்கழியிலை பில் திரும்ப ஏறினா?”

“ஏறும். தாங்கக்கூடியதாய் இருக்குமோ எண்டும் தெரியாது.”

அக்கா மாவை இரண்டு தரம் புரட்டினார். “அண்டைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைச்சீர்,” என்றார். “இது பரவாயில்லை.”

போன் அடித்தது. கை முழுக்க மா. தேவன் அண்ணைதான் ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் இத்தாலியனில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன். சின்யோராவுக்கு மனோகரி என்று வராது. பத்தொன்பது வருடமும் மனுவெலாதான்.

“மனுவெலா, கண்ணே, இன்றைக்குக் கடைசி நாள். உன் அறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன்.”

“சின்யோரா, நான் வரவில்லை.”

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைச் சின்யோரா நிறுத்துவது கேட்டது.

“யோசித்துத்தான் சொல்கிறாயா?”

“யோசித்துத்தான்.”

“அப்படியானால் என் பிறந்தநாள்? அந்த நீளமான பலகாரம் இல்லாமல் என் அக்கா தங்கைகள் வரவே மாட்டார்கள்.”

“ரோல்ஸ்தானே? செய்து தருகிறேன். எத்தனை பேர்?”

“பன்னிரண்டு பேர். சனிக்கிழமை. வழக்கம்போலக் காலை ஒன்பது மணிக்கு வேண்டும்.”

“ஒன்பதுக்கு முடியாது, சின்யோரா. வெயில் ஏறினபிறகுதான் நான் பொரிப்பேன்.”

“வெயிலா? பொரிப்பதற்கு எதற்கு வெயில்?”

“அது பெரிய கதை. வரும்போது சொல்கிறேன். இல்லை, நீங்கள் வரும்போது சொல்கிறேன். பகேரியாவுக்கு ரயில் இருக்கிறது.”

நானும் தேவன் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சின்யோரா பெருமூச்சு விட்டார். எதையோ தேடும் சத்தம் கேட்டது. கடதாசியும் பேனையுமாக இருக்க வேண்டும்.

“சரி, சொல்லு. நான் எத்தனை மணிக்கு வரட்டும்?”

மனோகரி அக்கா மாக்கையை ஏந்திக்கொண்டு யன்னல் வழியாக முற்றத்து வெயிலை ஒருதரம் பார்த்தார்.

“மூன்று மணிக்கு,” என்றார்.